இடப்பக்கத்துக் கடல்

படகில் ஒன்பது பேர் என்று நம்பேஸ்வரி எண்ணி முடித்த நேரத்தில் பின்னால் சுக்கானைப் பிடித்திருந்த களஞ்சியம், “பத்து மதினி” என்றான். ஒன்பதுதானே, முன்பலகையில் மூன்று, நடுப்பலகையில் நாலு, பின்னால் ரெண்டு, விரலை மடக்கி மடக்கி எண்ணியதுதானே, எங்கே போனது அந்தப் பத்தாவது தலை? முகத்தை இடப்பக்கம் முழுசாகத் திருப்பினாள். தோளுக்கு ஒரு முழம் தள்ளி, கையை நீட்டினால் தொட்டுவிடுகிற தூரத்தில், பெரிய தொப்பி வைத்த ஒரு மனுசர் லைஃப் ஜாக்கெட்டின் வாரை மாட்டத் தெரியாமல் திணறிக்கொண்டிருந்தார். இவ்வளவு பெரிய ஆள். இவ்வளவு பெரிய தொப்பி. எப்போது ஏறினார், இவளைத் தாண்டித்தானே வந்திருக்க வேண்டும். “அட, ஐயாவைக் கடைசியா எண்ணலாம்னு வச்சிருந்தேன்” என்று சொல்லிச் சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். களஞ்சியம் சிரித்தானா என்று தெரியவில்லை, அவன் எஞ்சினை முடுக்கிவிட்டான். அப்புறம் நெஞ்சு தடதடக்கிறதா எஞ்சின் தடதடக்கிறதா என்று பிரிக்க முடியவில்லை, அதுவும் ஒரு வசதிதான். வாய் தன்பாட்டுக்குப் பாடத்தை ஒப்பிக்க ஆரம்பித்தது. தண்ணிக்குள்ள கையை விடாதீங்க, கவர் கிவர் எதையும் போடாதீங்க, தீவுல இறங்க அனுமதி கிடையாது, சுத்தித்தான் வருவோம், பறவைக குஞ்சு பொரிக்கிற இடம், நடுவுல இருக்கிற கண்ணாடியை மிதிச்சிறாதீங்க, அது வழியாத்தான் அடிக்கடல் தெரியும். நாலு வருசமாகச் சொல்கிற பாடம், அதைச் சொல்ல மனசு கூட இருக்கத் தேவையில்லை. மனசு அந்தத் தொப்பியிலேயே நின்றுகொண்டிருந்தது. இன்றைக்குத் தொப்பி. போன வாரம் படகுத்துறையில் கட்டியிருந்த கயிறு, தடுக்கி விழப்போய், வழுக்குது என்று சொல்லிச் சமாளித்தாள். அதற்கு முந்தி? அதற்கு முந்தியதை நினைக்கக் கூடாது. நினைக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டாலே அது வந்து நிற்கும், வேறு எதையாவது நினை, தண்ணியைப் பார், தண்ணி எப்படிக் கிடக்கிறது பார்.

தண்ணீர் அசையாமல் கிடந்தது. மாசி மாசத்துத் தென்கடலுக்கு இப்படி ஒரு சுபாவம் உண்டு, காலையில் பத்து மணி வரைக்கும் கண் விழிக்காது. பூமயில் இருந்தால், “கடல் தூங்குது மதினி, எழுப்பிறாம அள்ளிக்கிட்டு வந்துருவோம்” என்பாள். பூமயில் இந்தப் படகில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. வனத்துறைக்காரர்கள் ஊர்ப் பெண்களைக் கூப்பிட்டு, தீவைச் சுற்றிக் காட்டுகிற படகுக்கு ஆள் வேண்டும், யாருக்குக் கடல் தெரியும் என்று கேட்ட அன்றைக்கு அவளுக்கு மஞ்சள்காமாலை கண்டு ஒரு வாரம் ஆகியிருந்தது, படுத்துக்கொண்டே, “எங்க மதினிக்குத்தான் கடல் தெரியும், அவுகளைக் கூப்பிடுங்க” என்று சத்தம் போட்டாளாம், அந்தப் படுக்கையிலிருந்து அவள் எழவே இல்லை. வீட்டுக்காரரின் கூடப் பிறந்த தங்கச்சி, நாத்தனார் என்று பேர், அந்தச் சொல்லுக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இவள் வாழ்க்கைப்பட்டு வந்த மூன்றாம் நாளே பாசி எடுக்கக் கூட்டிக்கொண்டு போனவள். விரல் அறுபடாமல் இருக்கப் பழைய சேலைக் கிழிசலைப் பத்து விரலிலும் சுற்றிவிட்டது அவள்தான், இடுப்பில் வலைப்பையைக் கட்டிவிட்டது அவள்தான். வள்ளம் கொண்டுபோய் இறக்கிவிடும், கழுத்தளவு தண்ணியில் பத்துப் பெண்கள், மூச்சைப் பிடித்துக் கீழே போய்ப் பாறையில் இருக்கிற மரிக்கொழுந்துப் பாசியைப் பிடுங்கிக்கொண்டு மேலே வருவது, மூச்சு வாங்குவது, திரும்பப் போவது, மத்தியானம் வரைக்கும் அதே வேலை. முக்குளிக்கிற கண்ணாடி ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒன்றுதான் இருந்தது. ரப்பர் வார் அறுந்து அறுந்து முடிச்சுப் போட்டது. நீ பத்து முக்கு, நான் பத்து முக்கு என்று முறை. கண்ணாடி இல்லாதவளுக்குத் தண்ணிக்கு அடியில் எல்லாம் பச்சையாகக் கலங்கித் தெரியும், கைதான் கண். அப்போது கண்ணைப் பற்றி யார் யோசித்தார்கள். உப்பில் எரிந்து சிவந்து கிடக்கும், கரைக்கு வந்து நல்லதண்ணியை அள்ளி அடித்தால் தீர்ந்தது. கண் என்று ஒன்று இருப்பதே தெரியாத வயசு.

“அதென்னங்க அம்மா, அந்த வெள்ளை வெள்ளையாப் பறக்குதே?” வலப்பக்கம் முதல் ஆளாக உட்கார்ந்திருந்த ஈரோட்டு அம்மாள் கேட்டாள். காலையிலேயே வந்து, நான் ஈரோட்டுப் பக்கமுங்க, இதுக்குன்னே பஸ் ஏறி வந்தேனுங்க என்று சொன்னவள், கையில் செல்போனை ஓங்கிப் பிடித்தபடியே இருந்தாள். “ஆலா” என்றாள் நம்பேஸ்வரி. கேட்டது வலப்பக்கம் என்பதில் ஒரு நிம்மதி. “கொண்டை வச்ச ஆலா அது. அலகு மஞ்சளா இருக்கும். எங்க ஆளுக இதைப் பாத்துத்தான் மீன் இருக்கிற எடம் சொல்லுவாக. மேல நின்னு பாத்து, செங்குத்தா விழும் பாருங்க.” சொல்லி வாய் மூடவில்லை, ஒன்று சிறகை ஒடுக்கிக்கொண்டு விழுந்தது, தண்ணீர் தெறித்தது, வெள்ளி நெளிய மேலே எழுந்தது. ஆகா என்றார்கள் எல்லோரும். நல்லா தெரியுது, விழுந்ததும் தெரிந்தது, எழுந்ததும் தெரிந்தது, அலகில் நெளிந்த மீன்கூடத் தெரிந்தது. நேராக இருப்பதெல்லாம் தெரிகிறது. டாக்டரம்மாவும் அதைத்தான் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டிருந்தார்கள், ஆனி மாசம், சும்மா வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி வாங்கலாம் என்று போனவளை ஒரு மிஷினுக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்குங்க என்றார்கள். அமுக்கினாள். நிறையத்தான் அமுக்கினாள். டாக்டரம்மா தாளை ரெண்டு தடவை புரட்டிப் பார்த்தாள். அப்புறம், கண்ணுக்குள்ள அழுத்தம் கூடிருச்சும்மா, இடது கண்ணு ஓரத்துல இருந்து போயிட்டே வந்திருக்கு, போனது திரும்பாது, இருக்கிறதைக் காப்பாத்தச் சொட்டு மருந்து தாரேன், ஒருநாள்கூட விடக் கூடாது என்றாள். இருட்டாத் தெரியும்னு நெனச்சேனே டாக்டரம்மா, இருட்டா ஒண்ணும் இல்லையே? இருட்டா இருக்காதும்மா, இல்லாமப் போயிரும், அவ்வளவுதான். அந்தச் சொல்தான் எட்டு மாசமாகக் கூடவே வருகிறது. இருட்டு என்றால் தெரிந்துவிடுமே. இல்லாமல் போனது எப்படித் தெரியும்? இடப்பக்கம் கடல் முடிந்துபோன மாதிரியே இல்லை, கடல் அவ்வளவுதான் என்கிற மாதிரி இருக்கிறது. தொப்பிக்காரர் அங்கே இல்லை, அவ்வளவுதான். கயிறு அங்கே இல்லை. கல்லு அங்கே இல்லை.

வந்துவிட்டது. நினைக்கக் கூடாதென்று எத்தனை சுற்றுச் சுற்றி வந்தாலும் கடைசியில் அந்தக் கல்லில்தான் வந்து முட்டுகிறது. தை மாசம், பொங்கல் கழிந்து நாலாம் நாள். தீவுக்குப் போகிற வழியில் தண்ணிக்கு அடியில் ரெண்டு பவளப் பாறைத் திட்டு, பார் என்று பேர், நீளமாகக் கிடக்கும், நடுவில் ஒரு இடைவெளி, வாசல் என்பார்கள். படகு அந்த வாசலுக்குள்தான் நுழைய வேண்டும். பின்னால் சுக்கானைப் பிடித்திருக்கிற களஞ்சியத்துக்கு ஆட்களின் தலையும் படகுக்குக் கூரையாகக் கட்டிய மேல்துணியும் மறைக்கும், முன்னால் நிற்கிறவள் கையைத் தூக்கினால் போகலாம், ரெண்டு கையையும் குறுக்கே வைத்தால் நில். நாலு வருசமாக அவள் கைதான் அவனுக்கு வழி. அன்றைக்குக் கையைத் தூக்கினாள். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது, ஒன்றும் இல்லை, இடப்பக்கம் ஒன்றுமே இல்லை. அப்புறம் அந்தச் சத்தம். பல்லைக் கடித்துக் கடைவாயில் அரைக்கிற சத்தம், காலுக்கு அடியில். கண்ணாடியில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் விழுந்து தண்ணீர் கசிந்தது, ஆட்கள் கத்தினார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கீழே ஆட்டுக்கல் பருமனுக்கு ஒரு பவளம், மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும், அவள் பிறப்பதற்கு முந்தியே அங்கே இருந்தது, அது ரெண்டாகப் பிளந்து உள்ளே வெள்ளை வெளேரென்று தெரிந்தது. சாயங்காலம் படகுக் கமிட்டி கூடியது. களஞ்சியம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, “என் தப்புதான், கண் அசந்துட்டேன் போல, மதினி காட்டுன கையைச் சரியாப் பாக்கல” என்றான். பதினைந்து நாள் படகுப் பக்கம் வரக் கூடாதென்றார்கள். அவளையும் கேட்டார்கள். நீ என்னம்மா சொல்ற? கேட்டார்களே. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சும்மா நின்றாள். பேசவில்லை, பொய்யும் சொல்லவில்லை என்று அன்று ராத்திரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லாதது பொய்யா? பொய்தான். பதினைந்து நாளும் அவன் கரையில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டே இந்தப் படகில் ஏறினாளே, வேறு எவனோ சுக்கானைப் பிடிக்க, இவள் முன்னால் நின்று கையைத் தூக்க. சொல்லியிருந்தால் என்ன ஆகும்? கரையில் உட்கார வைத்துவிடுவார்கள். கரை என்றால் கரை. அப்புறம் கடல் என்பது தூரத்தில் தெரிகிற ஒரு கோடு. வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து உடம்பு உப்பாகவே கிடந்தவளுக்கு அந்தக் கோடு எதற்கு? இப்படி ஒரு நியாயம். நியாயத்துக்கு என்ன, எந்தப் பக்கம் திருப்பினாலும் திரும்பும்.

“ஓங்கில்!” என்று அவளே கத்தினாள், கத்திய பிறகுதான் தான் பார்த்துவிட்டது அவளுக்கே தெரிந்தது. நேர் எதிரே, நூறு பாகத் தூரத்துக்கு அந்தப் பக்கம், கருத்த முதுகு ஒன்று வளைந்து இறங்கியது. இன்னொன்று. மூன்று, நாலு. “ஓங்கில் பாருங்க, டால்பின், டால்பின், கூட்டமா வருது, களஞ்சியம் மெதுவாப் போ.” அவன் எஞ்சினைத் தணித்தான். எல்லாரும் எழுந்து நிற்கப் பார்த்தார்கள், உக்காருங்க, உக்காந்தே பாருங்க என்று கை காட்டினாள். ஒன்று முழு உடம்பையும் தூக்கி எறிந்து விழுந்தது, தொப்பிக்காரர் கைதட்டினார். பார்த்தாயா, பார்த்தாயா, இன்னும் கண் இருக்கிறது, இத்தனை கண்ணில் முதலில் பார்த்தது உன் கண்தான். அந்தச் சந்தோசத்தில் உடம்பே லேசாகிவிட்டது. பூமயிலுக்கு ஓங்கிலைப் பிடிக்காது. “வேடிக்கை காட்டுற சனம், மதினி. நம்ம ஆளு அது இல்ல” என்பாள். அவளுடைய ஆள் ஆவுளியாதான். கடலுக்கு அடியில் புல் மேய்கிற பசு, வால் மட்டும் மீனுக்கு, மடி கொடுத்துக் குட்டியை வளர்க்கும், மூச்சு விட மூக்கை மட்டும் மேலே நீட்டிவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி உள்ளே போய்விடும். எல்லாரும் அதைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள், வலையில் செத்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறார்கள், உசிரோடு பார்த்தவர்கள் கம்மி. இவர்கள் ரெண்டு பேரும் பார்த்தார்கள். இவளுக்கு இருபத்திரண்டு, பூமயிலுக்குப் பத்தொன்பது. அன்றைக்குக் கண்ணாடி பூமயிலின் முறை. இவள் வெறுங்கண்ணோடு அடியில் பாசியைத் தடவிக்கொண்டிருந்தாள், பக்கத்தில் ஏதோ பெரிய நிழல், பச்சைக் கலங்கலில் ஒரு சாம்பல் மேகம், பயத்தில் மேலே வரப்போனவளை ஒரு கை பிடித்து இழுத்தது. பூமயில் தன் முகத்திலிருந்து கண்ணாடியைப் பிடுங்கி இவள் முகத்தில் வைத்து அமுக்கினாள், தண்ணீர் பாதி உள்ளே போய்விட்டது, இருந்தாலும் தெரிந்தது. எல்லாம் தெரிந்தது. தடித்த மேலுதடு, அதில் முள்ளு முள்ளாக மீசை, பொட்டுக் கண், முதுகில் குறுக்கே கயிறு அறுத்த தழும்பு ஒன்று வெள்ளையாக, அதன் அக்குளில் ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி. அது இவளைப் பார்த்தது. அவசரமே இல்லாமல் பார்த்துவிட்டுப் போனது. மேலே வந்து மூச்சு வாங்கும்போதுதான் தெரிந்தது, பூமயில் அதைச் சரியாகப் பார்க்கவே இல்லை, முதல் ஒரு நொடி மட்டும்தான், மிச்சத்தையெல்லாம் கலங்கலாகத்தான் பார்த்தாள். கிறுக்கி, ஏன்டி கழட்டிக் குடுத்த? “நீங்க மேல போயிருவீகளே மதினி. போயிட்டா நான் சொன்னா நம்ப மாட்டீகளே.” அப்புறம் வருசக்கணக்காக அவளுக்கு இவள்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், மீசை எப்படி, தழும்பு எப்படி, குட்டி எந்தப் பக்கம். சாகிறதற்கு முந்தின வாரம்கூடக் கேட்டாள்.

ஓங்கில்கள் தெற்கே போய்விட்டன. படகு தீவின் பின்பக்கம் வந்திருந்தது, கடல்புல் மண்டின ஆழம் குறைந்த இடம், எஞ்சினை ரொம்பத் தணித்துத்தான் போவார்கள். மணல் திட்டில் உள்ளான் குருவிகள் குட்டிக் கால்களோடு ஓடிக்கொண்டிருந்தன, நம்பேஸ்வரி அதைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். வலப்பக்கம். எல்லாருமே வலப்பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று தொப்பிக்காரர், “ஏய்… ஏய்… அது என்னது!” என்றார். பத்துத் தலைகளும் ஒரே சமயத்தில் அந்தப் பக்கம் திரும்பின. ஈரோட்டு அம்மாள், “அய்யோ சாமி” என்றாள். எஞ்சின் நின்றது. பின்னாலிருந்து களஞ்சியம், அவன் குரலே இல்லை அது, சின்னப் பையனின் குரல், “மதினி! ஆவுளியா மதினி! குட்டியோட மதினி!” என்றான். அவள் திரும்பினாள். எவ்வளவு வேகமாகத் திரும்ப முடியுமோ அவ்வளவு வேகமாக, கழுத்து நரம்பு சுளுக்க, தோள், இடுப்பு எல்லாவற்றையும் திருப்பி. தண்ணீர் இருந்தது. தண்ணீரில் ஒரு வட்டம், அதற்குள் ஒரு வட்டம், விரிந்துகொண்டே போய் மேல்துணியின் நிழலில் கரைந்தது. எங்கே? எந்த இடம்? அங்கே ஒன்றும் இல்லை. எல்லார் முகத்திலும் இருந்தது, தண்ணீரில் இல்லை. தொப்பிக்காரர் வாயைத் திறந்தபடி இருந்தார். “படகுக்குப் பக்கத்துலயே, பத்தடிகூட இருக்காது” என்றார். “நம்மளைப் பாத்துச்சு.” களஞ்சியம் கண்ணைத் துடைத்துக்கொண்டான், கடலில் இருபது வருசம் கிடந்தவன், இதுவரைக்கும் உசிரோடு பார்த்ததில்லை. “பாத்தீகளா மதினி?” என்றான். பார்த்தேன் என்றாள். அவ்வளவு சுலபமாக வந்தது. பார்த்தேன். நாக்கில் ஒரு கனமும் இல்லை. முப்பத்திரண்டு வருசம். எத்தனை ஆயிரம் தடவை இந்தத் தண்ணியைத் துழாவியிருப்பாள், வந்தவள் குட்டியோடு வந்து பத்தடியில் நின்று மூச்சு விட்டுவிட்டுப் போயிருக்கிறாள், தொப்பிக்காரருக்குக் காட்டியிருக்கிறாள், செல்போனுக்குக் காட்டியிருக்கிறாள், கொள்ளியில் போகிற இந்த இடப்பக்கத்தில் வந்தா நிற்க வேண்டும். வலப்பக்கம் வந்திருந்தால் என்ன, உனக்கு என்ன குறைந்துவிடும். கோபம் ஆவுளியாவின் மேல் வந்தது, அப்புறம் பூமயிலின் மேல் வந்தது, செத்தவள் மேல் என்ன கோபம், எல்லாரும் சேர்ந்து இவளை ஏமாற்றிவிட்ட மாதிரி இருந்தது.

ஈரோட்டு அம்மாள் செல்போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள். “நான் எடுத்தது ஆடிப்போச்சுங்க, தண்ணிதான் விழுந்திருக்குது. நீங்க சொல்லுங்கம்மா, என்ன பாத்தோம்னு நாலு வார்த்தை. எங்க ஊர்ல போட்டுக் காட்டோணும்.” எல்லாரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். சொல்லாமல் இருக்க முடியாது, வழிகாட்டுகிறவள் அவள்தானே. சொன்னாள். “இப்ப நாம பாத்தது ஆவுளியா. கடல் பசுன்னு சொல்லுவாக” என்று ஆரம்பித்ததும் வார்த்தை தானாக ஓட ஆரம்பித்தது. மேலுதடு தடித்திருந்ததைச் சொன்னாள், முள்ளு முள்ளான மீசையைச் சொன்னாள், பொட்டுக் கண்ணைச் சொன்னாள், குட்டி அக்குளில் ஒட்டிக்கொண்டிருந்ததை, முதுகில் குறுக்கே வெள்ளையாகக் கயிறு அறுத்த தழும்பு இருந்ததை, அவசரமில்லாமல் பார்த்துவிட்டுப் போனதை. சொல்லச் சொல்ல அவளுக்குச் சுகமாக இருந்தது, குரல் இறங்கிக் கனிந்து வந்தது, யாருக்குச் சொல்கிறோம் என்பதே மறந்துவிட்டது. “தழும்புங்களா?” என்றாள் ஈரோட்டு அம்மாள், குழம்பிப்போய். “முதுகு வழவழன்னு இருந்துச்சுங்களே. குட்டியும் பக்கத்துல இல்லீங்களே, அம்மா முதுகு மேலயில்ல ஏறிக்கிட்டு இருந்துச்சு?” தொப்பிக்காரர் ஆமாம் ஆமாம், முதுகு மேலேதான் என்றார். “மீசையெல்லாம் எங்க தெரிஞ்சுது, மூக்கு மட்டும்தான் வெளிய வந்துச்சு.” நம்பேஸ்வரி அவர்களைத் தாண்டிப் பின்னால் பார்த்தாள். களஞ்சியம் சுக்கானில் கையை வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் எஞ்சினை முடுக்கிப் படகைத் திருப்பினான்.

திரும்புகிற வழியில் வாசல் வரும். கால்மணி நேரம். அதற்குள் என்ன யோசிக்க முடியும்? ஒன்றும் யோசிக்க வேண்டாம், போகிற போக்கில் கழுத்தை ரெண்டு பக்கமும் நன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் போதும், களஞ்சியம் திரும்ப வந்த இந்தப் பத்து நாளாக அப்படித்தானே ஓடுகிறது. ஓடுகிறதா, தப்பிக்கிறதா? பத்து நாளாகக் கடல் தெளிவாக இருந்தது. நாளைக்குக் கலங்கினால்? இந்தப் பத்துப் பேரில் யாருக்கு நீச்சல் தெரியும்? ஈரோட்டில் ஆறு இருக்கிறது, அந்த அம்மாளுக்குத் தெரியுமோ என்னவோ. என்ன நினைப்பு இது, யாருக்கு நீச்சல் தெரியும் என்று எண்ணிப் பார்க்கிற நிலைமைக்கு வந்துவிட்டாயா நம்பேஸ்வரி. அவன் ஏன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தூரத்தில் தண்ணீரின் நிறம் மாறியது, நீலத்துக்கு நடுவே பழுப்புத் திட்டு, அதுதான் பவளப் பார். அவள் எழுந்து நின்றாள். கை தானாகத் தூக்கப் போனது, முக்கால்வாசி உயர்ந்தும் விட்டது. அந்தக் கையைப் பார்த்தபோது, தன் கைதானா என்று இருந்தது. அதை இறக்கினாள். பலகைகளைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியை மிதிக்காமல் ஓரமாகவே நடந்து பின்னால் வந்தாள். “எஞ்சினை நிப்பாட்டு தம்பி.”

“என்ன மதினி? வலை கிலை கெடக்கா?”

“இல்ல. நிப்பாட்டு. எனக்கு இடக்கண்ணு தெரியல.”

“தூசி விழுந்துருச்சா?”

“எட்டு மாசமாத் தெரியல.” குரலைத் தணிக்கப் பார்த்தாள், எஞ்சின் நின்றுவிட்டதால் எல்லாருக்கும் கேட்டது. கேட்கட்டும். “ஆவுளியாவை நான் பாக்கல. தை மாசம் அந்தக் கல்லையும் பாக்கல. இடப்பக்கம் இருந்துச்சு அது. நீ ஒழுங்காத்தான் பிடிச்ச. நான்தான் போகலாம்னு கையைத் தூக்குனேன்.”

அவன் கத்துவான் என்று நினைத்தாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள். அவன் வாய்க்குள் எதையோ மென்றான். “அப்ப நான் கண் அசரலையா?” என்றான்.

“இல்ல.”

“நீங்க கையைத் தூக்குனதைப் பாத்தேன் மதினி. பாத்தேண்டுதான் முதல்ல நெனச்சேன். பெறகு, மதினி தப்பாக் காட்ட மாட்டாகளே, அப்ப நான்தான் தூங்கிட்டேன், கனவுல கண்டுருப்பேண்டு… என் பொண்டாட்டிகிட்டயும் அதத்தான் சொன்னேன். திரும்ப வந்த இந்தப் பத்து நாளா சுக்கானைப் பிடிச்சாலே, நான் முழிச்சிருக்கேனாண்டு தொடையைக் கிள்ளிப் பாத்துக்கிறேன். என் கண்ணையே நான் நம்பல.” வேட்டியை ஒதுக்கித் தொடையைக் காட்டப் போனவன், ஆட்கள் இருப்பதைப் பார்த்து விட்டுவிட்டான். “நீங்க போயி உக்காருங்க.”

“கமிட்டியில நானே எந்திரிச்சுச் சொல்றேன்.”

“சொல்லணும்” என்றான். பரவாயில்லை என்று அவன் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் இருந்தானே என்று அவளுக்கு உள்ளுக்குள் நன்றியாக இருந்தது. எஞ்சினை மேலே தூக்கிக் கட்டிவிட்டு, மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு அவனே முன்னால் போனான். கழியால் அடியைத் தொட்டுத் தொட்டு, அடி அடியாகப் படகைத் தள்ள ஆரம்பித்தான். தொப்பிக்காரர் எழுந்து, நானும் பார்க்கட்டுமா தம்பி என்று கேட்டு இடப்பக்கம் குனிந்துகொண்டார்.

எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றவளுக்கு ஈரோட்டு அம்மாள் நகர்ந்து இடம் விட்டாள். நாலு வருசத்தில் இந்தப் பலகையில் உட்கார்ந்ததில்லை. மரம் இவ்வளவு வழவழப்பாக இருக்கிறது, எத்தனை ஆயிரம் பேர் உட்கார்ந்து எழுந்தது. அந்த அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள், வாங்கிக் குடித்தாள். வெட்கம் இருந்தது, முகமெல்லாம் எரிந்தது, ஆனால் அதற்கு அடியில் எட்டு மாசமாகப் பிடித்திருந்த ஒரு மூச்சு இறங்கிக்கொண்டே இருந்தது, இவ்வளவு நாள் எங்கே வைத்திருந்தாள் இதை. நாளைக்குக் கடல் ஒரு கோடுதான். இருக்கட்டும். குனிந்த தலை நிமிரவில்லை, குனிந்த கண்ணுக்கு நேரே அந்தக் கண்ணாடி. புதுசாக மாற்றிய கண்ணாடி, கீழே கடல்புல் பச்சையாக அசைந்துகொண்டிருந்தது, வாசலைத் தாண்டிவிட்டார்கள் போல. புல்லுக்கு நடுவே ஒரு பாதை. அவள் இன்னும் குனிந்தாள். புல்லை வேரோடு கறம்பி எடுத்துக்கொண்டே போன வெறும் மணல் தடம், ஒரு சாண் அகலம், ஓரம் இன்னும் கலங்கல் அடங்காமல், அங்கே இங்கே பிய்ந்த புல் மிதந்தபடி. இன்றைக்குக் காலையில் மேய்ந்தது. பக்கத்திலேயே இன்னொன்று, பாதி அகலத்தில், நேராகப் போகத் தெரியாமல், ரெண்டு முழம் மேய்ந்துவிட்டு நின்று, கோணலாகத் திரும்பி, பெரிய தடத்தோடு போய் ஒட்டிக்கொண்டது. பல் முளைத்துப் புல் கறம்பப் பழகுகிற வயசு. “இங்க பாருங்க” என்றாள் நம்பேஸ்வரி. “மேஞ்ச தடம். இது தாய். இது குட்டி. இன்னைக்கி மேஞ்சது, பாருங்க, பாருங்க.” பத்துப் பேரும் கண்ணாடியைச் சுற்றிக் குனிந்தார்கள். களஞ்சியம் கழியை ஊன்றிக்கொண்டு நின்றான், திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் தள்ளுவதை நிறுத்தியிருந்தான். அவர்கள் பார்த்து முடிக்கிற வரைக்கும் நிறுத்தியிருந்தான்.

களஞ்சியம் படகுத்துறையில் கயிற்றைக் கட்டி ஒவ்வொருவராகக் கைகொடுத்து ஏற்றிவிட்டான். ஈரோட்டு அம்மாள் போகும்போது அவள் தோளைத் தொட்டு, “மருந்தை விடாமப் போடுங்கம்மா, எங்க அப்பாருக்கும் இதேதானுங்க” என்றாள். எல்லாரும் போனார்கள். கடைசியாக அவள் எழுந்து, மேலே ஏறக் கையை நீட்டினாள், காற்றில் துழாவினாள். அவன் எப்போதும் நிற்கிற இடத்தில்தான் நின்றிருந்தான், அவளுக்கு இடப்பக்கம். அவள் கை துழாவுவதை ஒரு கணம் பார்த்துக்கொண்டு நின்றான். இத்தனை நாள் இதை எப்படிப் பார்க்காமல் இருந்தோம் என்று அவன் முகத்தில் இருந்ததை அவள் பார்க்கவில்லை. ரெண்டு எட்டு வைத்து வலப்பக்கம் வந்தான். “இங்கிட்டு” என்று கையைக் கொடுத்தான். முரட்டுக் கை, கோபம் போகாத கை, இழுத்து மேலே விட்டுவிட்டு உடனே விடுவித்துக்கொண்டது. படியில் உட்கார்ந்து கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தான். அவள் போகாமல் பக்கத்தில் நின்றாள். போ என்றும் அவன் சொல்லவில்லை.

“எப்படி இருந்தா, தம்பி?” என்று கேட்டாள்.

அவன் சுருட்டிக்கொண்டே இருந்தான். கயிறு முழுவதும் சுருண்டுவிட்டது. “மொதல்ல மூக்குதான்” என்றான், கடலைப் பார்த்துக்கொண்டே. “ரெண்டு ஓட்டை, மூடியைத் தொறந்தமாதிரி தொறந்துச்சு. பெருசா ஒரு மூச்சு விட்டுச்சு மதினி, வேலைக்குப் போயிட்டு வந்து நம்ம வீட்டு ஆளுக சொவத்துல சாஞ்சு விடுவாகள்ல, அப்படி. பெறகு முதுகு வந்துச்சு. குட்டி அது மேல கெடந்துச்சு.”

நம்பேஸ்வரி அவன் பக்கத்தில், வலப்பக்கம் அவன் இருக்கும்படியாகப் படியில் உட்கார்ந்தாள்.

“ம்” என்றாள். “பெறகு?”